பேச்சை மூடிவிட்டுப் படத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் ஒன்றைக் கையில் எடுத்தால் அதன் எழுத்தையும் ஓவியத்தையும் எப்படி எடைபோடுவது? இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைத்தான் கேட்கின்றன. தருமபுரியில் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நம் பகுதியாசிரியர் பதில் சொல்கிறார்.

என் மகன் எட்டாவது படிக்கிறான். எந்தக் காமிக்ஸைக் கொடுத்தாலும் 'செம' என்கிறான். ஏன் செம என்று கேட்டால் விழிக்கிறான். நல்லது எது, சுமார் எது என்று அவனுக்கு எப்படிச் சொல்லித் தருவது?
– ஒரு தாய், பாலக்கோடு

அம்மா, அவன் 'செம' என்று சொல்வதை முதலில் நம்புங்கள். ஏதோ ஒன்று அவனைப் பிடித்து இழுத்திருக்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள், எந்த இடத்தில் என்று கேளுங்கள். பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 'ஏன்' என்ற கேள்விக்குப் பெரியவர்களே திணறுவார்கள். 'எங்கே' என்றால் எட்டாவது படிக்கிறவன் சட்டென்று காட்டிவிடுவான்.

அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் தினசரி காலண்டர் தாள் கிழித்துப் போடுவீர்கள் அல்லவா, அதைச் சின்னச் சின்னதாக நறுக்கி, ஒரு பக்கத்தில் இருக்கும் பேச்சுக் குமிழ்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். இப்போது கதையைச் சொல்லச் சொல்லுங்கள். இது எந்த இடம், யாருக்கு என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்கள் என்ற மூன்றும் அவன் வாயிலிருந்து வந்துவிட்டால் ஓவியர் தன் வேலையைச் செய்திருக்கிறார். வகுப்பில் நான் இதைப் பல வருடம் செய்திருக்கிறேன். காலாண்டுத் தேர்வில் முட்டை வாங்கும் பையன்கள்கூட இதில் பின்னி எடுப்பார்கள்.

மறுநாள் தலைகீழாகச் செய்யுங்கள். அவன் கண்ணை மூடிக்கொள்ளட்டும், நீங்கள் வசனத்தை மட்டும் வாசியுங்கள். படமே பார்க்காமல் கதை முழுக்கப் புரிந்துவிட்டால் அந்த இதழில் ஓவியர் சும்மா நிற்கிறார் என்று அர்த்தம். படத்தில் பாதி, பேச்சில் பாதி என்று கிடைத்து, இரண்டும் சேரும்போதுதான் முழுசாகப் புரிகிறது என்றால், அதை எடுத்து வையுங்கள். அது நல்ல இதழ்.

என் நண்பன் காட்டிய இதழில் ஹீரோ ஒரு சரக்கு லாரியைத் தூக்கி எறிகிறான். உடம்பில் ஒவ்வொரு தசையும், நரம்பும் எண்ணி எண்ணி வரைந்திருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு ஏதோ ஒட்டவில்லை. இவ்வளவு நுணுக்கமாக வரைந்தது நல்ல ஓவியம் இல்லையா?
– தொழிற்சாலைப் பணியாளர், ஓசூர்

தம்பி, உங்களுக்கு ஒட்டாதது சரிதான். தசையின் எண்ணிக்கை வேறு, பலம் வேறு.

உங்களுக்குப் பக்கத்தில்தான் ராயக்கோட்டை. விடிகாலையில் தக்காளி மார்க்கெட்டுக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். சுமை தூக்குகிறவர்களில் பலர் ஒல்லியான ஆட்கள். தலையில் பெட்டி ஏறும் அந்த ஒரு நொடியைப் பாருங்கள். கழுத்து தோளுக்குள் இறங்கும். முழங்கால் லேசாக மடங்கி நிமிரும். பாதம் அகலும், கால் கட்டை விரல் மண்ணைக் கவ்வும். பெட்டி எவ்வளவு கனம் என்பதை அந்தக் கட்டை விரல் சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே உட்கார்ந்து கால்களை மட்டுமே வரைந்த நோட்டுகள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன.

உங்கள் இதழை மறுபடி எடுத்து லாரியைத் தூக்கும் கட்டத்தில் அவன் கால் தெரிகிறதா என்று பாருங்கள். புகை, தூசி, உடைந்த செங்கல் என்று எதையாவது போட்டுக் காலை மறைத்திருந்தால், கனத்தை வரையத் தெரியாமல் தசையை வரைந்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஓர் இதழைச் சொல்கிறேன். 1966 பிப்ரவரி தேதியிட்ட 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 33-ஆம் இதழ். ஓவியம் ஸ்டீவ் டிட்கோ, வசனம் ஸ்டான் லீ. நீருக்கடியில் ஒரு மறைவிடம். ஒரு மாபெரும் இயந்திரம் சரிந்து ஸ்பைடர்மேன் அதன் அடியில் கிடக்கிறான். கைக்கு எட்டாத தூரத்தில், ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடும் பெரியம்மாவுக்கான மருந்துக் குப்பி. மேலேயிருந்து தண்ணீர் சொட்டுகிறது. முதல் ஐந்து பக்கத்துக்கும் வேலை ஒன்றுதான்: அவன் எழுந்திருக்க வேண்டும். அடிதடி கிடையாது, வில்லன் எதிரில் வந்து நின்று பேசுவதும் கிடையாது.

அவன் முகமூடி முகத்தை முழுக்க மூடியது. வாய் தெரியாது, கண் இமை தெரியாது. பல்லைக் கடிப்பதைக் காட்ட வழியே இல்லை. அப்படியானால் வலியை எங்கே வரைவது? டிட்கோ முதுகில் வரைகிறார், குனிந்த தலையில் வரைகிறார், தரையில் ஊன்றிய விரல்களில் வரைகிறார். ஆரம்பத்தில் இயந்திரம் பெரிது, ஆள் சின்னது. பக்கம் புரளப் புரளக் கட்டங்கள் பெரிதாகின்றன, ஆளும் பெரிதாகிறான். ஐந்தாம் பக்கத்தைத் திறந்தால் பக்கம் முழுக்க ஒரே படம்: இயந்திரம் மேலே போய்விட்டது. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் என் தோள் தானாக ஒருமுறை நிமிர்ந்தது. ஓவியம் கனமாக இருந்ததால்தான் அப்படி நடந்தது. அவன் தசையை நான் எண்ணவே இல்லை.

எழுத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1962-ல் வந்த முதல் கதையில் அவன் ஒரு திருடனைப் பிடிக்காமல் விட்டான், அந்தத் திருடன்தான் பிறகு அவன் பெரியப்பாவைக் கொன்றான். அன்று பெரியப்பாவை இழந்தவன் இன்று பெரியம்மாவையும் இழந்துவிடுவேனோ என்று நினைப்பது சொல்லால்தான் வரும். அது வேண்டிய சொல். ஆனால் அதே பக்கங்களில் 'இன்னும் கொஞ்சம் தூக்கு, விடாதே' என்ற தொனியில் வரும் வரிகள் வேண்டாதவை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். காலண்டர் தாளை வைத்து அவற்றை மூடிப் பாருங்கள், ஒரு குறையும் தெரியாது. மிகச் சிறந்த இதழிலும் இப்படிக் கழிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கும். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் மதிப்பீடு.

அப்பா பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பழைய இரும்புக்கை மாயாவி இதழ்கள் கருப்பு வெள்ளையில் இருக்கின்றன. வண்ணம் இல்லாததை இன்றைய இதழ்களோடு ஒப்பிடலாமா?
– கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்

தாராளமாக ஒப்பிடலாம் கண்ணு. அந்த ஓவியங்கள் கருப்பு வெள்ளைக்காகவே வரையப்பட்டவை. 1962-ல் லண்டனில் 'வாலியன்ட்' என்ற வார இதழில் தொடங்கிய தொடர் அது. பெரும்பாலும் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972-ல் முத்து காமிக்ஸ் வழியாக நம்மிடம் வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் சணல் கயிற்றில் தொங்கும்.

அதில் ஓவியருக்கு இருந்த சவாலை யோசித்துப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். இல்லாத ஆளை வரைய வேண்டும்! கை எந்த உயரத்தில் மிதக்கிறது என்பதை வைத்து அவன் நிற்கிறானா, குனிந்திருக்கிறானா என்று நாம் கண்டுபிடிக்கிறோம். எதிரில் இருப்பவன் எங்கே வெறிக்கிறான் என்பதை வைத்து அவன் முகம் இருக்கும் இடத்தை ஊகிக்கிறோம். ஓர் ஆளையே படிப்பவர் மனசுக்குள் வரைய வைத்துவிடுகிறார் ஓவியர். வண்ணம் வந்து இதில் என்ன கூட்டிவிடும்?

எழுத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அவை வாரா வாரம் சில பக்கங்களாக வந்த கதைகள். அதனால் சேர்த்துப் படிக்கும்போது சில பக்கங்களுக்கு ஒருமுறை ஓர் ஆபத்து வந்து நிற்கும். அதை ஒரு முழு இதழாக எழுதப்பட்ட கதையின் அளவுகோலால் அளந்து 'ஒரே ஓட்டமாக இருக்கிறதே' என்று குறை சொல்லக் கூடாது.

ஒரு இதழ் நன்றாக இருந்தால் பாராட்டு கதாசிரியருக்கா, ஓவியருக்கா?
– ஆசிரியர், கிருஷ்ணகிரி

அந்த இதழ் எப்படி உருவானது என்பதைப் பொறுத்தது. ஒரு முறையில் கதாசிரியர் கட்டம் கட்டமாக எழுதிக் கொடுப்பார், ஓவியர் அதைப் படமாக்குவார். மார்வெல் நிறுவனத்தில் அறுபதுகளில் நடந்தது வேறு: கதையின் சுருக்கத்தைப் பேசி வைத்துக்கொண்டு ஓவியர் முழுக்க வரைந்துவிடுவார், அதற்கப்புறம் வசனம் எழுதுவார்கள். மேலே சொன்ன 33-ஆம் இதழில் டிட்கோவுக்குக் கதையமைப்பிலும் பங்கு உண்டு. அந்த ஐந்து பக்கத்தை எழுத்தாளர் கணக்கில் மட்டும் எழுதினால் அநியாயம்.

இந்த அநியாயம் நிறைய நடந்திருக்கிறது. 1939-ல் பேட்மேன் பிறந்தபோது ஓவியர் பாப் கேனோடு கதாசிரியர் பில் ஃபிங்கரும் சேர்ந்து உழைத்தார். பல பத்தாண்டுகளாகப் படைத்தவர் என்று கேனின் பெயர் மட்டுமே வந்தது. ஃபிங்கர் 1974-ல் இறந்துபோனார். அவர் பெயரையும் முறையாகச் சேர்ப்போம் என்று பேட்மேனை வெளியிடும் டி.சி. நிறுவனம் அறிவித்தது 2015-ல். சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல் அதன் உரிமையை 130 டாலருக்கு விட்டுக் கொடுத்தார்கள். அதனால் ஓர் இதழைப் பற்றிப் பேசும் முன் பெயர்கள் இருக்கும் வரியைப் படியுங்கள். பென்சிலில் வரைந்தவர், அதன் மேல் மை இட்டவர், வண்ணம் தீட்டியவர், எழுத்துப் பொறித்தவர் என்று நாலைந்து பேர் இருப்பார்கள். பென்சில் கோடு நன்றாக இருந்து, மை இட்டவர் எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனில் இழுத்துவிட்டால் முன்னால் நிற்கும் ஆளும் பின்னால் இருக்கும் சுவரும் ஒட்டிக்கொள்ளும். அது பென்சில் பிடித்தவர் தப்பில்லை.

தமிழில் வரும் இதழ்களில் குமிழுக்குள் எழுத்து நெருக்கியடிக்கிறது. மொழிபெயர்ப்பு மோசம் என்று விட்டுவிடலாமா?
– வாசகர், பென்னாகரம்

அவசரப்படாதீர்கள். ஆங்கிலத்தில் 'நோ' என்றால் இரண்டே எழுத்து. நமக்கு 'வேண்டாம்'. 'ஐ கான்ட்' என்பது நமக்கு 'என்னால் முடியாது'. குமிழ் அவர்கள் அளவுக்கு வெட்டியது, சொல் நம் அளவுக்கு நீளம். நல்ல மொழிபெயர்ப்பாளர் 'முடியலை' என்று சுருக்கி உயிரையும் காப்பாற்றுவார். அதைத்தான் தேட வேண்டும்.

உறவுச் சொல்லையும் பாருங்கள். ஸ்பைடர்மேனின் 'ஆன்ட் மே'யை அத்தை என்று எழுதிவிடுகிறார்கள். அவள் அவனுடைய அப்பாவின் அண்ணன் மனைவி. நம் வீட்டில் அவளைப் பெரியம்மா என்போம். அத்தை என்றால் ஒரு முகம் வருகிறது, பெரியம்மா என்றால் வேறு முகம் வருகிறது. அனாதைப் பையனை மடியில் போட்டு வளர்த்தவளுக்கு எது பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மாறுவேடமும் மேலங்கியும் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. நம் ஊர்க்காரன் இதை எதற்கு உட்கார்ந்து ஆராய வேண்டும்?
– ஓய்வு பெற்ற அலுவலர், தருமபுரி

ஐயா, நம் ஊர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே இருக்கும் நடுகற்களுக்கு முன்னால் நிதானமாக நில்லுங்கள். ஒரு கையில் வில், ஒரு கையில் வாள், ஓடப் போகிறவன் போல விரிந்த கால்கள். மேலே வட்டெழுத்தில் இரண்டொரு வரி. பல கற்களில் செய்தி இவ்வளவுதான்: இன்னார் தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. கவர்ந்துபோன மாடுகளை மீட்டுச் செத்தான்.

படம் செய்யும் வேலையையும் எழுத்து செய்யும் வேலையையும் பாருங்கள். அவன் எப்படி நின்றான் என்பதைப் படம் காட்டுகிறது. எதற்காக, என்ன ஆனான் என்பதை எழுத்து சொல்கிறது. 'கையில் வில் பிடித்திருந்தான்' என்று அந்தக் கல்லில் யாரும் வெட்டவில்லை, அதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே. காமிக்ஸில் நான் தேடுவது இதையேதான்.

அடுக்குநிலை நடுகல் என்று ஒருவகை உண்டு. கீழ்க் கட்டத்தில் சண்டை, நடுக் கட்டத்தில் வீரனைத் தேவமாதர் தூக்கிச் செல்கிறார்கள், மேல் கட்டத்தில் அவன் தெய்வத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டிய மூன்று கட்டக் கதை. இதைச் செதுக்கிய மண்ணில் பிறந்தவன் ஒரு சித்திரக் கதையைக் கட்டம் கட்டமாக ஆராய்வது எனக்கு இயல்பாகவே படுகிறது.

நானே எட்டுப் பக்கத்தில் ஒரு சூப்பர் ஹீரோ கதை எழுதி வரைந்து அனுப்பியிருக்கிறேன். நடுகல்லில் இருந்து ஒரு வீரன் உயிரோடு இறங்கி அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பிரேக் பிடிக்காத லாரியை நிறுத்துகிறான். தயவுசெய்து மறைக்காமல் விமர்சனம் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், அரூர்

தம்பி, மூன்று முறை படித்தேன். ஒருமுறை உங்கள் குமிழ்களை மூடி வைத்தும் படித்தேன்.

முதல் பக்கத்தின் முதல் கட்டத்திலேயே வீரன் கல்லை விட்டு இறங்கிவிடுகிறான். ஏன் இந்த அவசரம்? உங்கள் பக்கம் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். வேடக்காரர் வந்தவுடன் முகத்தைக் காட்டுவாரா? இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி ஆடும், கீழே சலங்கைக் கால் தெரியும், திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வரும். ஊரே அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதை நீங்கள் ஒரு பக்கம் செய்யலாம். வெறுங்கல், அடுத்த கட்டத்தில் கல்லின் வாள் இருந்த இடத்தில் பள்ளம், அடுத்ததில் ஈர மண்ணில் ஒரு காலடி. பக்கத்தைப் புரட்டியதும் ஆள்.

மூன்றாம் பக்கத்தில் லாரி நிற்கும் கட்டத்தில் வீரன் நேராக, விறைப்பாக, படம் எடுக்க நிற்பவன் போல நிற்கிறான். லாரியின் கனம் அவனுக்குள் போகவே இல்லை. ஓசூர் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். பின்னால் பஸ் ஸ்டாண்டும் இல்லை, வெள்ளையாக விட்டிருக்கிறீர்கள். பலகையோ, பூக்கடையோ, ஒரு டவுன் பஸ்ஸின் மூக்கோ இருந்தால்தானே அது அரூர்?

ஐந்தாம் பக்கத்தில் ஒரே குமிழில் 41 சொற்கள். எண்ணினேன். ஆயிரம் வருடத்துக்கும் முந்தைய வீரன் மேடைப் பேச்சாளர் போல முழங்குகிறான். அவன் கல்லில் இருந்த எழுத்தே நாலைந்து சொல்தான். அந்தச் சிக்கனத்தில் அவன் பேசட்டும். நீங்கள் செந்தமிழ் எழுதியதில் தப்பில்லை, அளவில்தான் தப்பு.

இப்போது ஆறாம் பக்கம். லாரியிலிருந்து புளி மூட்டை சரிந்து உடைந்திருக்கிறது. ஒரு அம்மா குத்துக்கால் வைத்து உட்கார்ந்து சிந்திய புளியை முந்தானையில் பொறுக்குகிறாள். அவளுக்குப் பின்னால், கட்டத்தின் மூலையில், வீரனின் கணுக்கால் மட்டும் தெரிகிறது. குதிகாலில் இருந்து மெல்லிய கோடாக ரத்தம். குமிழ் இல்லை, தலைப்பு இல்லை. அவளும் அந்தக் காலைப் பார்க்கவில்லை. தம்பி, இந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் சன்னல் ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மாட்டை மீட்டுச் செத்தவனுக்கும் அந்த முந்தானைப் புளிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சொல்லவே இல்லை, எனக்குப் புரிந்துவிட்டது. எழுத்தை விட்டுவிட்டு, படிப்பவர் கண்ணை நம்பி வரைந்திருக்கிறீர்கள்.

ஏழும் எட்டும் பரவாயில்லை. எட்டாம் பக்கத்தில் அவன் கல்லுக்குத் திரும்பும்போது வாளைக் காணோம். மறந்துவிட்டீர்களா, வேண்டுமென்றே செய்தீர்களா தெரியவில்லை. வேண்டுமென்றே என்றால் அது எங்கே போனது என்று ஆறாம் பக்கத்திலேயே காட்டிவிடுங்கள்.

முழுக்க மாற்ற வேண்டாம். மூன்றாம் பக்கத்தை மட்டும் மறுபடி வரையுங்கள். அதற்கு முன்னால் ஒருநாள் உங்கள் ஊர்ப் புளி மண்டியில் மூட்டை ஏற்றும் இடத்துக்குப் போய், முகத்தைப் பார்க்காமல் கால்களை மட்டும் இருபது முறை வரைந்து வாருங்கள். அந்த இருபதையும் சேர்த்து அனுப்புங்கள், பார்க்க வேண்டும்.